இல்லாத வீட்டுக்கு வந்த கடிதம்

சதுரங்கப்பட்டினத்தில் எங்கள் வீட்டைக் கடல் கொண்டுபோன பிறகு, கணவர், மகளுடன் செங்கல்பட்டில் குடும்பங்களுக்கான தற்காலிகக் காப்பகத்தில் எட்டு மாதம் இருந்தேன். தனி அறை, மகளுக்குப் பள்ளி, எனக்குச் சமையல் பயிற்சி என்று எல்லாம் செய்து தந்தார்கள். பயிற்சி முடிந்ததும் மாணவியர் விடுதியில் சமையலர் வேலைக்கு விண்ணப்பித்தேன். காப்பகத்தின் முகவரியை எழுத வெட்கப்பட்டு, இடிந்துபோன வீட்டின் முகவரியையே எழுதிவிட்டேன்.

ஒரு நாள் காலை, எங்கள் பழைய தெருவில் மீன் விற்கும் மல்லிகா, கூடையோடு காப்பகத்துக்கே வந்துவிட்டாள்.

"வூடே இல்லாத எடத்துக்கு உன் பேர்ல லெட்டர் வந்துகீது. தபால்காரரு திருப்பி அனுப்ப இருந்தாரு. நான்தான் வாங்கியாந்தேன்."

பிரித்தால், நேர்காணல் அன்றைக்கே பதினொரு மணிக்கு. காப்பகப் பொறுப்பாளர் மேடம்தான் தன் ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு போனார். வழியில், "எங்க அட்ரஸ்ல இன்னா கொறச்சல் கண்ட?" என்று கேட்டார்.

இன்று அந்த விடுதிப் பிள்ளைகளுக்கு நான்தான் சமைக்கிறேன். வாடகை வீட்டுக்கும் வந்துவிட்டோம். ஆனால் எந்தப் படிவத்தில் 'முந்தைய முகவரி' கேட்டாலும் காப்பகத்தின் முகவரியைத்தான் எழுதுகிறேன். அதுவும் கொட்டை எழுத்தில்.

- ஒரு வாசகி, செங்கல்பட்டு