அண்ணன் கேட்டு வாங்கிய குழம்பு

எங்கள் அண்ணன் எங்களைப் பிரிந்து இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. அவரைப் பற்றி எழுதக் கூடப்பிறந்தவள் நான் ஒருத்திதான் மிச்சம். பெரிய எழுத்தெல்லாம் எனக்கு வராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் பிறந்தது உடப்புசல்லாவைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில். அம்மா கொழுந்து பறித்த சம்பளத்தில் வளர்ந்தோம். வாலிப வயதில் அண்ணன் கொழும்புக்குப் போய் மூட்டை தூக்கினார். பிறகு சொந்தக் கடை, லொறிகள், மொத்த வியாபாரம் என்று மளமளவென்று உயர்ந்தார். பிள்ளைகள் இல்லை. அண்ணியும் காலமானதும் வியாபாரத்தை விற்றுவிட்டுத் தோட்டத்துக்கே திரும்பினார். மண்சரிவுக்குப் பயந்து கிடந்த குடும்பங்களுக்கெல்லாம் வீடு கட்டிக் கொடுத்தார். ஆஸ்பத்திரிக்கு அம்புலன்ஸ், பாலர் பாடசாலை, பிள்ளைகளின் படிப்புச் செலவு, எதற்கும் இல்லை என்று சொன்னதில்லை. கணவரை இழந்த என்னையும் தன்னோடு வைத்துக்கொண்டார்.

ஆனால் ஒன்றை மறைக்க எனக்கு மனமில்லை. கொடுக்கக் கொடுக்க அண்ணன் தனியாளானார். அவர் ரோட்டில் இறங்கினால், பேசிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்று வாயை மூடிக்கொள்வார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக் கறி வந்தால் அந்தப் பாத்திரத்தை வெறுமனே திருப்பமாட்டோம். வீட்டையே கொடுத்தவருக்கு எதைப் போட்டுத் திருப்புவது? அந்தக் கூச்சத்தில் தீபாவளிப் பலகாரம்கூட எங்கள் வாசலுக்கு வரவில்லை. கடையில் வாங்கிய மிக்சரைப் பிரித்து நாங்கள் இருவரும் சாப்பிட்டோம்.

"எல்லாரும் நல்லா இருக்காங்கள்ல, அது போதும் தங்கச்சி" என்றார். போதாது என்று அவர் முகமே சொன்னது.

கேஸ் தட்டுப்பாடு வந்தபோது எங்கள் பெரிய வீட்டில் அடுப்பு எரியவில்லை. கரண்டும் இல்லை. கீழே அவர் கட்டிக் கொடுத்த வீடுகளில் விறகடுப்பு புகைந்தது. வெறும் பாண் ரொட்டியை மென்று அலுத்துப்போய்ச் சொன்னேன்:

"அண்ணே, பவானி வீட்டுல கொஞ்சம் கொழம்பு வாங்கிட்டு வாங்க."

"நானா? போயி எப்புடிக் கேக்குறது?"

"வாயத் தொறந்துதான். எனக்கு முட்டி வலிக்குது."

பவானி அந்தக் கீழ் வீடுகளில் ஒன்றில் இருந்த, கொழுந்து பறிக்கும் பெண். எங்களுக்கு மகள் வயது. அண்ணனைக் கண்டதும், வீட்டைச் சரிபார்க்க வந்திருக்கிறார் என்று பதறிப்போய், "கூரையில ஒழுக்கு ஒண்ணுமில்லீங்க ஐயா" என்றாளாம். அண்ணன் தயங்கித் தயங்கி, "கொஞ்சம் கொழம்பு இருக்குமாம்மா?" என்று கேட்டிருக்கிறார்.

கருவாட்டுக் குழம்பும் ரொட்டியும் வந்தன. மறுநாள் அந்தச் சட்டி நிறைய எங்கள் கொல்லையில் விளைந்த லீக்ஸை வைத்து அவரே கொண்டுபோனார். போனவர் இருட்டிய பிறகுதான் திரும்பினார்.

"ஒக்காந்து பேசுனாங்க தங்கச்சி. அந்தப் புள்ள என்னைய பெரியப்பான்னு கூப்புட்டுச்சு" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்தப் போக்குவரத்து ஒரு மழைக்காலம்தான் நீடித்தது. பக்கவாதம் வந்து அண்ணன் படுக்கையில் விழுந்தார். வாசலில் சத்தம் கேட்டால் கண் அந்தப் பக்கம் போகும். கடைசியாக அவர் தொண்டையில் இறங்கியது பவானி கொண்டுவந்த கஞ்சி.

வைத்தியம் பார்த்தவர்களுக்கும், குழி வெட்டியவர்களுக்கும், தோள் கொடுத்துச் சுமந்தவர்களுக்கும் என் வணக்கம். துக்கத்தில் அடுப்பு மூட்டாத அந்த நாட்களில் நீங்கள் எல்லோரும் எனக்குச் சோறு கொண்டுவந்தீர்கள். உங்கள் சட்டிகளும் தூக்குவாளிகளும் என் குசினியில் கழுவிக் கவிழ்த்தபடி இருக்கின்றன. துக்க வீட்டிலிருந்து எதையும் போட்டுத் திருப்பக் கூடாது என்றார்கள். அதனால் வருஷம் கழியட்டும் என்று காத்திருந்தேன். எது யாருடையது என்று எனக்குத் தெரியவில்லை. நீங்களே வந்து எடுத்துக்கொள்ளுங்கள், வெறுமனே அனுப்பமாட்டேன்.

எல்லோரும் ஒரே நாளில் வந்துவிடாதீர்கள். ஆளுக்கொரு நாளாக வாருங்கள்.

இப்படிக்கு,
தங்கை