நாங்கள் உட்கார்ந்த முக்காலி

ரப்பர் மரத்தைக் கடைந்தால் புளித்த பாலின் வாசம் வரும். என் பள்ளிச் சீருடையிலும் பின்னலிலும் தம்பியின் காது மடலிலும் அந்த வாசம் இருந்தது. எப்படிக் குளித்தாலும் போகாது. கிள்ளானில், மின்தூக்கி இல்லாத ஒரு "பிளாட்"டின் நான்காம் மாடியில் நாங்கள் மூவரும் குடியிருந்த காலம் அது. அப்பா ஜொகூரில் வேறொரு குடும்பத்தைத் தேடிக்கொண்டு போய்விட்டிருந்தார். அம்மா வேலை பார்த்த நாற்காலித் தொழிற்சாலையை மூடியபோது, அங்கே மூலையில் கிடந்த சின்னக் கடைசல் இயந்திரத்தைக் கேட்டு வாங்கி லோரியில் ஏற்றி வந்துவிட்டார். அதை "லேத்து" என்பார். கோலாட்டக் கழிகளும் சப்பாத்திக் கட்டைகளும் கடைந்து கடைகளுக்குப் போடுவது அவர் திட்டம். எங்கள் சோறு அதில்தான் இருந்தது.

பிளாட்டின் குடியிருப்போர் சங்கத் தலைவரை எல்லோரும் "சேர்மன்" என்பார்கள். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா வைத்திருப்பார். எழுதி நான் பார்த்ததில்லை. லேத்து வந்த மறுநாளே அவரும் வந்தார்.

"தரையில போல்ட் அடிச்சு மெஷின் போட முடியாதும்மா. கீழ கார் பார்க்குலயும் எதையும் வச்சிட்டுப் போகக் கூடாது. இது குடும்பம் இருக்கிற இடம் லா. மீறினா வீட்டுக்காரர்கிட்ட சொல்லி உங்களைக் காலி பண்ண வச்சிருவேன்."

"அப்ப நாங்க யாருண்ணே?" என்று கேட்டார் அம்மா. அவர் படியிறங்கினார். எனக்கு அழுகை வந்தது. அம்மாவுக்கு வந்தது கோபம்தான். "போல்ட் அடிக்கக் கூடாது, வச்சிட்டுப் போகக் கூடாது, அவ்வளவுதானே? தூக்கிட்டுப் போய்த் தூக்கிட்டு வந்தா எவன் கேப்பான்?" என்றார்.

கீழே மோட்டார் சைக்கிள் கடை வைத்திருந்த சீன முதலாளி, எங்கள் வாயில் "தவுக்கே", கார் நிறுத்துமிடத்துக்கு ஒயர் இழுத்து மின்சாரம் கொடுத்தார். முதலில் லேத்தை ஒரு மடக்கு மேசையில் வைத்து ஓட்டினோம். மேசை எங்களைக் கேட்காமல் சுவரை நோக்கி நடந்தது. கழி பிய்த்துக்கொண்டு பறந்து சேர்மனின் கார்க் கண்ணாடிக்குப் பக்கத்தில் விழுந்தது. நல்லவேளை, பக்கத்தில்தான் விழுந்தது.

அதன் பிறகுதான் அம்மா முக்காலியைக் கட்டினார். தொழிற்சாலை கழித்துப்போட்ட கட்டில் கால்கள் மூன்று, மேலே ஒரு கனத்த பலகை, கால்களுக்கு நடுவே தரையை ஒட்டி இன்னொரு பலகை. எல்லாவற்றையும் கையாலேயே திருகிக் கழற்றி விடலாம். ஏன் நாலு கால் வைக்கவில்லை என்று கேட்டதற்கு, "இந்தத் தரை மேடும் பள்ளமுமா கிடக்கு. நாலு கால் வச்சா ஒண்ணு அந்தரத்துல நிக்கும், மூணு வச்சா மூணும் தரையில ஊணும்" என்றார். அது ஆடவில்லைதான், ஆனால் லேசாக இருந்ததால் இயந்திரம் ஓடும்போது துள்ளியது. கீழ்ப்பலகையில் மணல் மூட்டை வைத்துப் பார்த்தோம். துள்ளல் நின்றது. ஆனால் லேத்தோடு அதையும் நான்காம் மாடிக்குத் தூக்கியதில் அம்மாவின் இடுப்பு பிடித்துக்கொண்டது. கீழே விட்டுவிட்டு வரவோ சேர்மன் விடமாட்டார்.

படியில் உட்கார்ந்து இடுப்பைத் தேய்த்துக்கொண்டே, "இந்த மூட்டைக்குக் கால் இருந்தா தானா ஏறி வந்துரும்" என்றார். சொல்லிவிட்டு எங்கள் இருவரையும் பார்த்தார். நாங்கள் நல்ல புஷ்டியான பிள்ளைகள்.

அன்றிலிருந்து நாங்கள்தான் மணல் மூட்டை. பள்ளி விட்டு வந்ததும் லேத்து அம்மாவின் தோளில் ஏறிப் படியிறங்கும். முக்காலியின் துண்டுகளைத் தம்பியும் நானும் சுமப்போம். பூட்டி முடித்ததும் கீழ்ப்பலகையில் முதுகோடு முதுகு சாய்ந்து உட்கார்ந்துவிடுவோம். தலையில் மரச்சுருள் பூவாகக் கொட்டும், பல்லுக்குள் இயந்திரம் ஓடும். வீட்டுப்பாடத்தையும் அங்கேயே எழுதியதால் என் எழுத்து முழுக்க நடுங்கிக் கிடந்தது. "உனக்கென்ன குளிரா?" என்று டீச்சர் கேட்டபோது, வகுப்பு முழுக்கக் கேட்கும்படி "எங்கம்மா மெஷின் ஓட்டுறாங்க டீச்சர்" என்றேன். அதைச் சொன்னபோது எனக்கு இருந்த திமிரை இன்றைக்கும் நான் விடவில்லை.

சேர்மன் தினமும் வந்து முக்காலியைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார். போல்ட் இல்லை. பொழுது சாய்ந்தால் முக்காலியே இருக்காது. "பிள்ளைங்கள ஏன் இப்படி உக்கார வச்சிருக்கீங்க?" என்றார் ஒருநாள். "குடும்பம்ணே, ஒண்ணாத்தான் இருப்போம்" என்றார் அம்மா, கழியிலிருந்து உளியை எடுக்காமலே.

அந்த பிளாட் இப்போது இல்லை. அந்த இடத்தில் கண்ணாடி வைத்த பேரங்காடி நிற்கிறது. சேர்மனும் தவுக்கேயும் காலமாகிவிட்டார்கள். பழைய லேத்தின் மோட்டார் எப்போதோ கருகிப்போனது. அம்மா என்னோடு காஜாங்கில், பன்னிரண்டாம் மாடியில் இருக்கிறார். போன மாதம் புதிதாக ஒரு சின்ன லேத் வாங்கினேன். சக்கரம் வைத்த இரும்பு ஸ்டாண்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னார் கடைக்காரர், வேண்டாம் என்றுவிட்டேன். பால்கனியில் எங்கள் பழைய முக்காலியைப் பூட்டிக்கொண்டிருக்கும்போதே நிர்வாகத்துப் பையன் வந்து நின்றான்.

"ஆன்டி, இங்க மெஷின் போட முடியாது லா. ரூல்ஸ்."

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து, கீழ்ப்பலகையில் உட்கார்ந்துவிட்டார். "தரையில போல்ட் இருக்கா பாருய்யா. நீ ஓட்டுடி" என்றார்.

ஓட்டினேன். முக்காலி துள்ளியது. அம்மாவின் எடை அதற்குப் போதவில்லை. பிரிக்பீல்ட்ஸில் வக்கீலாக இருக்கும் தம்பிக்கு இப்போது நல்ல தொப்பை.

"அவனக் கூப்பிடு" என்றார் அம்மா, பலகையை விட்டு எழுந்திருக்காமலே.