ரேடியோ டீச்சரின் தொண்டை

மின்சாமான் இறக்குமதி செய்யும் கம்பெனியில் பத்து வருடம் சீனத் தொழிற்சாலைகளோடு போனில் மல்லுக்கட்டியே சீனமொழி கற்றவள் அவள். வாயைத் திறந்தால் மூட மாட்டாள். வீட்டில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். மொழிப்பள்ளியில் பாடம் எடுக்க வந்ததும் ரேடியோ டீச்சர் ஆனாள்.

சீனமொழிக்கு இப்படியொரு கிராக்கி வரும் என்று யார் கண்டார்கள்? பன்னிரண்டு பேர் இருந்த வகுப்பில் இன்று நாற்பது பேர். கீழ்மாடிப் பல் டாக்டரிடம் நாற்காலிகூட இரவல் வாங்கியாகிவிட்டது. இன்னும் நூற்றைம்பது பேர் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள், ஆசிரியருக்குத்தான் பஞ்சம். அவளோ இன்னும் தற்காலிகம். மேற்பார்வையாளர் அம்மாள் வந்து பார்த்துத் தலையசைத்தால்தான் நிரந்தரம். போன முறை அந்த அம்மாள் ஒரே வரியில் அவளைக் கவிழ்த்துவிட்டார்: ‘மாணவர்கள் வாய் திறக்க இடமே இல்லை.’ இன்று கடைசி வாய்ப்பு.

இன்றைக்குப் பார்த்தா தொண்டை கட்ட வேண்டும்? காலையில் எழுந்தால் வெறும் காற்றுதான் வருகிறது.

“என்ன, ரேடியோ ரிப்பேரா?” என்றான் கணவன். அவள் முறைத்த முறைப்பில் அடங்கிப்போய் வெந்நீர் வைத்துக் கொடுத்தான். “லீவு சொல்லிடேன்.”

அதற்கா அவள் இத்தனை நாள் பாடுபட்டாள்? கிளம்பிவிட்டாள்.

‘எனக்குக் குரல் இல்லை. இன்று நீங்கள்தான் பேச வேண்டும்’ என்று பலகையில் எழுதினாள். கடைசி வரிசையில் மேற்பார்வையாளர் நோட்டைத் திறந்தார்.

சீனத்தில் ஒரே ஒலியை நாலு விதமாக ஏற்றி இறக்க வேண்டும். அவள் கையை நேராக இழுத்தாள், மேலே ஏற்றினாள், பள்ளத்தில் இறக்கி எடுத்தாள், சடாரென்று கீழே வெட்டினாள். நாற்பது தொண்டைகளும் அந்தக் கையைத் துரத்திக்கொண்டு ஓடின. பிறகு இருவர் இருவராகப் பேசச் சொல்லி ஜாடை காட்டினாள். லாரி டிரைவர் வழி கேட்டார், நர்ஸ் வழி சொன்னாள். மூன்று மாதமாக வாயே திறக்காத துணிக்கடைக்காரர் பேரம் பேச ஆரம்பித்து நிறுத்தவே மாட்டேன் என்றார். இரைச்சல் தாங்காமல் பல் டாக்டர் மேலே வந்து எட்டிப் பார்த்தார். அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

மணி அடித்தும் யாரும் எழவில்லை. மேற்பார்வையாளர்தான் எழுந்து வந்தார்.

“அடுத்த மாசத்திலிருந்து இன்னும் ரெண்டு வகுப்பு சேர்த்து எடுக்க முடியுமா உங்களால?”

அவள் வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

“முடியும்!” என்று நாற்பது பேரும் அவளுக்காகச் சீனத்தில் கத்தினார்கள்.