மிக்ஸியைப் பீரோவில் பூட்டிய வீடு

மின்சாரத்தைச் சேமிக்கச் சொல்லும் ஆண்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். சேமிப்பது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் சொல்கிறவர் சொல்லிவிட்டுப் பேப்பரைப் பிரித்துக்கொள்வார். சேமிக்கிற வேலை வேறு யார் தலையிலோ விழும். மயிலாப்பூரில் என் மாமனார் வீட்டில் அது என் தலையிலும் என் மாமியார் தலையிலும் விழுந்தது.

எழுபதுகளின் நடுவில் ஒரு வருஷம் மழை பொய்த்தது. அணைகளில் தண்ணீர் இல்லை, மின்சாரத்தைக் குறைத்துச் செலவழியுங்கள் என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். மாமனார் அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். உத்தரவு போட ஆள் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தவருக்கு அந்தச் செய்தி வெறும் வாயை மென்றவனுக்கு அவல் கிடைத்த கதையாயிற்று. சமையலறையில் இருந்த நாற்பது வாட் பல்பைக் கழற்றிவிட்டு ஜீரோ வாட் பல்பை மாட்டினார். ஜீரோ என்றால் கரண்டே இழுக்காது என்பது அவர் நம்பிக்கை. அவர் மட்டுமா, தெருவே அப்படித்தான் நம்பியது. அந்த மங்கலில் நாங்கள் இரண்டு பேரும் அரிசியில் கல் பொறுக்கினோம். அவர் பேப்பர் படிக்கிற இடத்தில் மட்டும் அறுபது வாட் பல்பு அப்படியே எரிந்தது.

அப்போது எனக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை கிடைத்திருந்தது. பயிற்சி முடிந்ததும் காலை ஷிப்டில் போட்டுவிட்டார்கள். ஏழு மணிக்குப் போர்டு முன்னால் உட்கார்ந்தாக வேண்டும், அதற்கு ஆறு மணி பஸ்ஸை விடக் கூடாது. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. எங்கள் வீட்டில் தினம் காலையில் அரைத்துவிட்ட சாம்பார், ஒரு கூட்டு, ஒரு துவையல். மூன்றுக்கும் தனித்தனியாக அரைக்க வேண்டும். மாமியாருக்கு வலது தோள் இறுகிப்போய்க் கை தோளுக்கு மேல் எழும்பாது, அம்மியில் குழவியைத் தள்ள முடியாது. அதனால் அரைப்பது என் பாடு. அம்மியில் முக்கால் மணி நேரம் ஆகும். ஷிப்டு மாறிய கையோடு நான் என் சம்பளத்தில் ஒரு மிக்ஸி வாங்கி வந்தேன். எட்டே நிமிடத்தில் மூன்றும் முடிந்தன. மாமியார் ஜாரைத் திறந்து விரலால் விழுதைத் தொட்டுப் பார்த்து, "வெண்ணெயாட்டம் இருக்குடி" என்றார்.

மூன்றாவது நாள் மாமனார் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு சமையலறைக்கு வந்தார்.

"என்ன சத்தம் இது! இவ்வளவு சத்தம் போடணும்னா எவ்வளவு கரண்டைக் குடிக்கணும்? ஊரே இருட்டுல கிடக்கு. நம்மாத்துல ராட்சஸியைக் கட்டித் தீனி போட்டுண்டிருக்கா!"

அன்று சாயங்காலம் நான் திரும்பி வந்தபோது மிக்ஸி அவருடைய பீரோவுக்குள் இருந்தது. சாவி அவர் இடுப்பில் இருந்தது. என் கணவரைப் பார்த்தேன். அவர் வாயில் கொழுக்கட்டை. அப்பா பேசும்போதெல்லாம் அவர் வாயில் அந்தக் கொழுக்கட்டை எங்கிருந்தோ வந்துவிடும்.

அடுத்த பத்து நாளில் இரண்டு முறை பஸ்ஸை விட்டேன். இரண்டாம் முறை சூப்பர்வைசர் அம்மாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இன்னும் ஒரு நாள் தாமதமானால் நிரந்தரம் செய்யச் சொல்லித் தன்னால் எழுத முடியாது என்றார். கோபப்பட்டுக்கூடச் சொல்லவில்லை. கையில் மஞ்சள் வாசனையோடு அவர் முன்னால் நின்றுகொண்டிருந்த எனக்கு, அழுகையை முந்திக்கொண்டு ஆத்திரம் வந்தது. ஒரு தேங்காய் மூடிக்காக என் வேலை போகப்போகிறது என்பதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

மாமனாரின் வெந்நீர்க் கதையைச் சொல்ல வேண்டும். குழாயைத் திறந்தாலே வெதுவெதுப்பாகத் தண்ணீர் வருகிற மெட்ராஸில், கத்திரி வெயிலிலும் அவருக்கு வெந்நீர் வேண்டும். பம்பாய் மாப்பிள்ளை வாங்கிக் கொடுத்த ராடு ஒன்று இருந்தது. அலுமினிய வாளியின் மேல் ஒரு குச்சியை வைத்து, அதில் ராடைத் தொங்கவிட்டு, தினம் காலையில் அரை மணி நேரம் ஸ்விட்சைப் போட்டு வைப்பார். மிக்ஸியைப் பூட்டியவர் அதைத் தொடவில்லை. ஏனென்று ஒரு நாள் கேட்டதற்கு, "அது சாது. இருக்கற இடமே தெரியாது" என்றார்.

வார விடுமுறையன்று ரேழியில் இருந்த கரண்டு மீட்டர் முன்னால் போய் நின்றேன். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு தகட்டுச் சக்கரம், அதன் விளிம்பில் ஒரு கறுப்புக் கோடு. அறுநூறு சுற்றுக்கு ஒரு யூனிட் என்று பெட்டியிலேயே எழுதியிருந்தது. கல்யாணமாகி வந்த நாளாக அதைக் கடந்து போய்க்கொண்டிருக்கிறேன், ஒரு நாளும் படித்ததில்லை. வீட்டில் எல்லா ஸ்விட்சையும் அணைத்தேன். மாமனார் கோயிலுக்குப் போயிருந்தார். மாமியார் நான் கேட்காமலே பீரோவின் மாற்றுச் சாவியைக் கொண்டுவந்தார். அப்படி ஒன்று அவரிடம் இருந்ததே எனக்கு அன்றுதான் தெரியும். எட்டு நிமிடம் மிக்ஸியை ஓட்டினார். சக்கரம் முப்பத்தாறு சுற்று சுற்றியது. மிக்ஸியைத் திரும்ப உள்ளே வைத்துப் பூட்டினோம்.

மறுவாரம் அதே கிழமையில் மாமனார் ராடுக்கு ஸ்விட்ச் போட்டார். நான் மீட்டருக்கு ஓடினேன். சக்கரம் பேய் பிடித்த மாதிரி சுழன்றது. ஒரு நிமிடத்துக்குப் பத்து சுற்று. சத்தம் எதுவும் இல்லை. அரை மணி நேரத்துக்கு முந்நூறு. சாது!

"அங்க என்னடிம்மா பண்ணிண்டிருக்க?" என்று மாமனார் கேட்டார்.

"இங்க வந்து பாருங்கோப்பா" என்றேன். வந்தார். ராடை நிறுத்திக் காட்டினேன், போட்டுக் காட்டினேன். சத்தத்துக்கும் கரண்டுக்கும் சம்பந்தமில்லை, சூடு பண்ணுகிற சாமான்தான் கரண்டைத் தின்கிறது என்று சொன்னேன். இந்த ஒரு குளியலுக்கு ஆகிற கரண்டில் எட்டு நாள் மிக்ஸி ஓடும் என்றேன். என் குரல் நடுங்கியது. பயத்தில் இல்லை. ஜெயித்துவிட்டோம் என்ற கொழுப்பில்.

மாமனார் முட்டாள் இல்லை. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்து, ஒரு நிமிடம் தானே எண்ணினார். பத்து. தலையை ஆட்டினார்.

"வாஸ்தவம்தான். அப்ப ராடும் வேண்டாம், மிக்ஸியும் வேண்டாம். ரெண்டும் தெண்டம். நாளையிலேர்ந்து வெந்நீரைக் கரி அடுப்புல போட்டுடுங்கோ."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. என் வாயால் நானே இன்னொரு வேலையை அந்த வீட்டுக்குள் அழைத்து வந்திருந்தேன். கரி எங்கிருந்து வருகிறது, எந்த மரத்தை வெட்டி எரித்தது என்றெல்லாம் அவர் யோசிக்கவில்லை. கரிக்கு மீட்டர் கிடையாது. மாமியாரின் தோளுக்கும் கிடையாது.

மறுநாள் காலை ஐந்தே கால். நான் அம்மியில் பாதியில் இருந்தேன். கொல்லைப்புறத்தில் மாமியார் குனிந்து அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். புகையில் கண்கள் சிவந்து நீர் வழிந்தது. தண்ணீர் காய்ந்ததும் தவலையை இடது கையால் இழுத்து, வராத வலது கையை ஒப்புக்கு அடியில் கொடுத்து, இடுப்பில் அணைத்துத் தூக்கினார். அந்த நேரம் ரேழியிலிருந்து மாமனாரின் குரல் வந்தது. குழந்தை மாதிரி அவ்வளவு சந்தோஷம்.

"எல்லாரும் வந்து பாருங்கோளேன்! சக்கரம் அசையவே இல்லை!"

நான் எழுந்து போய் மாமியாரிடமிருந்து தவலையை வாங்கினேன். குளியலறைப் பக்கம் போகவில்லை. அப்படியே சாக்கடையில் கவிழ்த்தேன். மாமனார் ஓடி வந்தபோது ஆவி பறந்துகொண்டிருந்தது.

"பச்சைத் தண்ணியில குளிங்கோப்பா" என்றேன். "அதுக்கு எந்தச் சக்கரமும் சுத்த வேண்டாம்."

அவர் முகம் வெளுத்தது. என்னைப் பார்க்காமல், தூணருகில் நின்ற தன் பிள்ளையைப் பார்த்துச் சொன்னார். "இவ இனிமே வேலைக்குப் போக வேண்டாம். ஆத்துல இருந்தா எல்லாம் சரியாப் போயிடும்."

கணவரின் வாயைப் பார்த்தேன். கொழுக்கட்டை.

பதில் மாமியாரிடமிருந்து வந்தது. புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கூடத்துக்குப் போய், மாமனாரின் ஈஸிசேரில் உட்கார்ந்தார். அதில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

"அவ வேலைக்குப் போவா. நான்தான் இனிமே அடுப்படிக்குப் போகப் போறதில்லை. கரி மிச்சம், கரண்டு மிச்சம். எல்லாம் உங்களுக்கே."

அவர் குரலை உயர்த்தவில்லை. அம்மியில் தேங்காய் பாதி அரைந்து கிடந்தது. ஆறு மணி பஸ்ஸுக்கு இன்னும் இருபத்தைந்து நிமிடம் இருந்தது. நான் மாமனார் முன்னால் போய்க் கையை நீட்டினேன். மாற்றுச் சாவியை எடுத்துத் திறந்திருக்கலாம். ஆனால் அவர் கையாலேயே கொடுத்தாக வேண்டும் என்று எனக்கு இருந்தது. அவர் மனைவியைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், பிறகு இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார்.

பஸ் கிடைத்தது. வேலையும் நிரந்தரமாயிற்று, அதிலேயே ஓய்வும் பெற்றேன். இப்போது என் வீட்டில் தேவையில்லாமல் ஒரு பல்பு எரியாது, யாருமில்லாத அறையில் ஃபேன் சுற்றாது. ஆனால் அன்று காலை மிக்ஸியைப் போட்டபோது தேங்காய் இரண்டே நிமிடத்தில் அரைபட்டுவிட்டது. மாமனார் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஸ்விட்சை அணைக்காமல், அவரைப் பார்த்தபடியே, இன்னும் ஒரு முழு நிமிடம் ஓடவிட்டேன்.