காய்ச்சல் விட்ட ஞாயிற்றுக்கிழமை

எங்க வீட்டுக்காரர் சாகக் கிடக்கிறார்னு தெரியாமலே, அவர் பிழைச்சதுக்கு நன்றி சொல்லி சபையில எழும்பி நின்னவ நான். அதைத்தான் உங்ககிட்ட சொல்ல வந்திருக்கேன்.

2012 மழைக்காலம். நாங்க திருநெல்வேலிப் பக்கம். அவருக்குச் சென்னை பக்கம் ஒரகடத்துல கார் உதிரிபாகக் கம்பெனியில காண்ட்ராக்ட் வேலை. சேரப்பணஞ்சேரியில ஒத்த ரூம் வாடகை. பக்கத்து ரூம்ல தென்காசிப் பையங்க. அதுல இசக்கிமுத்து என்னை அக்கா அக்கான்னு உயிரை விடுவான்.

ஒரு புதன்கிழமை அவருக்குக் காய்ச்சல். உடம்பு அனலாக் கொதிச்சுது. லீவு போட்டா லைன்ல வேற ஆளைப் போட்டிருவாங்கன்னு பயம். மெடிக்கல்ல போய்ச் சொன்னா நாலஞ்சு மாத்திரையைக் கலந்து ஒரு செட்டாத் தருவான். அதைப் போட்டுக்கிட்டு ஷிப்டுக்குப் போவாங்க, எல்லாரும் அப்படித்தான். இசக்கிக்கும் அதே காய்ச்சல், அதே மாத்திரை. நான் முழங்கால்ல நின்னு அழுதேன். "ஆண்டவரே, இந்தக் காய்ச்சலை எடுத்துப்போடும்." வேற ஒண்ணும் கேட்கல.

ஞாயித்துக்கிழமை காலையில உடம்பு சில்லுனு இருந்துச்சு. எனக்கு வந்த சந்தோஷம்! அவர் தள்ளாடிக்கிட்டே ஓ.டி.க்குக் கிளம்பிட்டார். நான் சபைக்கு ஓடி, சாட்சி நேரத்துல எழும்பி, "காய்ச்சலைக் கர்த்தர் எடுத்துட்டார்"னு சொன்னேன். எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னாங்க. ஸ்டெல்லாக்கா மட்டும் சொல்லல. படப்பையில ஒரு டாக்டரம்மாகிட்ட வேலை பார்க்கிறவங்க அவங்க. பாட்டு நடக்கும்போதே என்னை வெளியே இழுத்து, "எத்தனை நாள் காய்ச்சல்? என்ன மாத்திரை? வாந்தி இருந்துச்சா?"ன்னு கேட்டாங்க. அப்படியே ஆட்டோ பிடிச்சு கிளினிக்.

மத்த நாள் லீவு கிடைக்காத ஜனங்களுக்காக ஞாயித்துக்கிழமையும் அதைத் திறந்து வைப்பாங்க. பீஸுக்கு மேசையில ஒரு டப்பா. முடிஞ்சதைப் போடலாம், போடாமலும் போகலாம், யாரும் பார்க்க மாட்டாங்க. டாக்டரம்மா நம்ம சபை இல்ல, நெத்தியில குங்குமம். நான் சொன்னதைக் கேட்டதும் முகமே மாறிப்போச்சு.

"டெங்குவா இருந்தா காய்ச்சல் விடுற நேரந்தாம்மா ஆபத்து. இதுல வலி மாத்திரை வேற, உள்ளேயே ரத்தம் கசிய வச்சிரும். ஆள் எங்க?"

"டூட்டியில."

தன் கார்லயே என்னைக் கூட்டிக்கிட்டு கம்பெனி கேட்டுக்கு வந்தாங்க. செக்யூரிட்டி, "இன்னாம்மா, ஷிப்ட் முடியாம எப்படி அனுப்புறது?"ன்னான்.

"உள்ள இருக்கிறது என் பேஷன்ட். வர்ற வரைக்கும் நகர மாட்டேன்."

மழையில நின்னாங்க. அவரை அவங்க அதுவரைக்கும் பார்த்ததே இல்ல! வெளியே வந்தவர் கேட்டுகிட்டயே சரிஞ்சார். ஈறெல்லாம் ரத்தம்.

செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்குப் போற வழியில, "அங்க வேற யாருக்காவது காய்ச்சலா?"ன்னு கேட்டாங்க. அப்பதான் எனக்கு இசக்கி ஞாபகம் வந்தான். உடனே போன் போட்டு ஸ்டெல்லாக்காவை ஓடச் சொன்னாங்க. அக்கா போய்ப் பார்த்தா ரூம் பூட்டியிருக்கு. டூட்டிக்குப் போயிட்டான்னு நினைச்சு திரும்பிட்டாங்க. ஐயோ, தூங்குறவனை யாரும் எழுப்பக் கூடாதுன்னு, ஷிப்டுக்குப் போற பையங்க வெளியே பூட்டிட்டுப் போறது அங்க வழக்கம். சாயங்காலம் அந்தப் பையங்க வந்து திறக்கும்போது இசக்கி உள்ள பேச்சு மூச்சில்லாமக் கிடந்தான். தூக்கிட்டு ஓடியும் பிழைக்கல.

எங்க வீட்டுக்காரர் பிழைச்சார். டாக்டரம்மா தினமும் கிளினிக்கை முடிச்சுட்டு அவ்வளவு தூரம் வந்து அவரைப் பார்த்துட்டுப் போனாங்க. இசக்கியோட அம்மா ஊர்லருந்து வந்தாங்க. பிள்ளையை வண்டியில ஏத்துனப்புறம் என் கையைப் பிடிச்சு, "ஒன் வீட்டுக்காரரு பொழைச்சிட்டாருல்லா தாயி?"ன்னு கேட்டாங்க.

ஆண்டவர் என் கூப்பிடுதலைக் கேட்டார். புரியாமச் சொன்ன என் சாட்சியைச் சரியான காதுல விழ வச்சார். இதுல எனக்குச் சந்தேகமே இல்ல. இசக்கிக்கு ஏன் அந்தக் கதவு திறக்கலைன்னு இன்னும் அவர்கிட்ட கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்.

இப்ப மழைக்காலம் வந்தா நானும் அவரும் ஆராதனை முடிச்சு ரூம் ரூமாப் போறோம். காய்ச்சல்காரங்களை டாக்டரம்மாகிட்ட கூட்டிட்டுப் போறோம். நீங்களும் நம்பி ஜெபம் பண்ணுங்க. பண்ணிட்டு எழும்பிப் போய் பக்கத்து ரூம் கதவைத் தட்டுங்க. பூட்டு தொங்கினாலும் தட்டுங்க.