ஞாயிற்றுக்கிழமை மீன்

கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கும் அல்போன்சாவுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. சோதனைக்கு வரும் ஆய்வேடுகளை வாசித்துவிடுவாள். வாசிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கோப்பைக் கணினியில் ஏற்றினால் எவ்வளவு பிறர் எழுத்து என்று மென்பொருள் சொல்லும். பத்து சதவீதத்துக்குள் இருந்தால் சான்றிதழில் கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான் வேலை. பத்து வருஷமாக வாசித்ததில் முத்துச்சிப்பி முதல் உப்பளத்துக் கண்நோய் வரை அவளுக்கு எல்லாம் அத்துப்படி. பட்டம்தான் இல்லை.

போன வருஷம் மார்ச்சில் ஆய்வு மாணவன் மாரிராஜ் வந்தான். ஸ்ரீவைகுண்டம் பக்கத்து நெல் விவசாயக் குடும்பம். ஐந்து வருஷமாக மதியச் சாப்பாட்டையும் மறந்து மூலை மேசையிலேயே கிடந்தவன். அவன்மேல் அவளுக்குத் தனிப் பிரியம். திங்கட்கிழமைக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தால் மதுரையில் விரிவுரையாளர் வேலை நிச்சயம். தப்பினால் அந்த இடம் வேறு ஆளுக்கு. மென்பொருள் ஆறு சதவீதம் என்றது. அவனுக்கு உயிர் வந்தது.

தலைப்பு புன்னைக்காயல் நாட்டுப்படகு மீன்வரவு. அவள் பிறந்த ஊர், விடுவாளா? தேதிவாரியான அட்டவணையைப் புரட்டினாள். எங்கோ இடித்தது. பழைய காலண்டரை எடுத்துப் பார்த்தாள். ஐம்பத்திரண்டு ஞாயிற்றுக்கிழமையும் படகு போயிருக்கிறது, மீன் வந்திருக்கிறது. அடப்பாவி! அந்த ஊரில் ஞாயிறன்று எவன் கடலில் இறங்குவான்? மாதா கோயில் பூசை முடிந்தால் கறிச்சோறு, அப்புறம் தூக்கம்.

"தம்பி, எங்க ஊருக்கு எத்தன தடவ போனிய?" என்று கேட்டாள்.

"ரெண்டு தடவக்கா."

பிறகு அவனே எல்லாவற்றையும் கொட்டினான். அப்பாவுக்கு நெஞ்சு ஆபரேஷன், ஆறு மாதம் ஆஸ்பத்திரி வாசல். வேறு மாநிலத்து ஆங்கில ஆய்வேடு ஒன்று கையில் கிடைத்தது. தமிழில் மாற்றி எழுதி, ஊர்ப் பெயரையும் தேதியையும் மாற்றிவிட்டான்.

"நீங்க கையெழுத்துப் போட்டா ஒருத்தருக்கும் தெரியாதுக்கா."

அது உண்மை. அதுதான் அவளை வதைத்தது. ஆனால் நாளைக்கு இந்தக் கணக்கை நம்பித்தானே எவனாவது அவள் தம்பி மரியான் படகுக்கு மீன்பிடி விதி எழுதுவான்? பேனாவை மூடினாள்.

"எனக்குத் தெரிஞ்சு போச்சே தம்பி."

நெறியாளரிடம் அவனையே போய்ச் சொல்லச் சொன்னாள். சொன்னான். ஒன்றரை வருஷ அவகாசம் கிடைத்தது, மதுரை வேலை போயிற்று. கணக்கெடுக்க உதவுவான் என்று மரியானின் போன் நம்பரை எழுதி நீட்டினாள். வாங்காமல் போய்விட்டான். ஒரு பையன் பிழைப்பில் மண் போட்டோமே என்று அவளுக்குப் பல நாள் சோறு இறங்கவில்லை.

இந்த வருஷம் மே மாதம் ஆய்வேட்டோடு வந்தான். ஆள் கறுத்திருந்தான். மென்பொருள் இந்த முறை எட்டு என்றது. அவள் அட்டவணைக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமைக் கட்டங்கள் எல்லாம் காலி, ஒன்றைத் தவிர. செப்டம்பரில் ஒரு ஞாயிறு: படகு பதினாலு, மீன் இல்லை. கீழே சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு. 'இன்ஜின் பழுதாகிச் சனிக்கிழமை கரை திரும்பாத படகைத் தேடிச் சென்றவை. மாலை நான்கு மணிக்கு அதிலிருந்த மூவரும் உயிரோடு வந்தனர்.'

அது மரியானின் படகு. அன்று முழுக்க அவளும் அந்தக் கரையில்தான் அழுதுகொண்டு நின்றாள். அந்தக் கூட்டத்தில் இவனும் நின்றது அவளுக்குத் தெரியாது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள்.