கம்பி போட்டுப் பார்த்தது யார்?

நம்பாதவர்கள் நம்பாமலே போகலாம். ஆனால் இது நடந்தது. பூண்டி ஞானவேலுக்கு நடந்தது. ஒருவர் வாயால் சொன்னால் அதை அப்படியே எடுத்துக்கொள்கிற ஆள் அவன். அதனால்தான் அவனை அவ்வளவு லேசாக ஏமாற்ற முடிந்தது.

முதலில் துப்பாக்கியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். கொடைக்கானல் மேல்மலையில் பன்றி விரட்ட வைத்திருக்கும் பழைய துப்பாக்கிக்குத் தோட்டா கிடையாது. குழாயின் வாய் வழியாகக் கருமருந்தைக் கொட்டி, ஈயக் குண்டைப் போட்டு, மேலே துணியை அடைத்துக் கம்பியால் இடிக்க வேண்டும். உள்ளே மருந்து இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. கம்பியைப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். காலியாக இருந்தால் இரும்பில் இரும்பு பட்டு 'ணங்' என்று கேட்கும். மருந்து இருந்தால் துணியில் விழுந்து 'தொப்' என்று அமுங்கிவிடும்.

துப்பாக்கியைக் கைமாற்றும்போது கொடுக்கிறவர் "கம்பி போட்டாச்சு" என்று சொல்லிவிட்டால், வாங்குகிறவர் மறுபடி போட்டுப் பார்க்க மாட்டார். போட்டால், கொடுத்தவரை முகத்துக்கு நேரே பொய்யன் என்று சொன்ன மாதிரி. அதற்காகப் பேச்சுவார்த்தை அறுந்துபோன குடும்பங்கள் உண்டு.

மன்னவனூர்ப் புல்வெளியில் சினிமா எடுக்க வந்தார்கள். அவர்கள் கொண்டுவந்த பொம்மைத் துப்பாக்கி பொம்மை மாதிரியே இருந்தது. உள்ளூர் ஏற்பாடுகளைக் கவனித்த முத்துராஜ், தன் வீட்டுத் துப்பாக்கியைக் கொண்டுவந்து தருவதாகச் சொன்னான். முந்தின ராத்திரி வரை அது அவன் கேரட் காட்டில் பன்றிக்குக் காவல் இருந்தது. முத்துராஜ், ஞானவேலின் அக்கா மகாதேவியின் புருஷன். ஞானவேலைச் சுமை தூக்கும் சோலிக்குச் சேர்த்துவிட்டதும் அவன்தான்.

ஜீப்பிலிருந்து துப்பாக்கியை எடுத்துக் கொடுக்கும்போது சொன்னான்.

"கம்பி போட்டாச்சு மாப்ளே. கொண்டுபோய்க் குடு."

ஞானவேல் கொண்டுபோனான். கேமராவுக்குப் பக்கத்தில் வெயிலைத் திருப்பிவிடும் வெள்ளைப் பலகையைப் பிடித்துக்கொண்டு, அவனோடு சுமை தூக்குகிற சேனாதிபதி நின்றான்.

"ஏலே ஞானவேலு, கம்பிச் சத்தமே கேக்கலையே?"

"மச்சான் போட்டுட்டாராம்ணே."

"அப்பச் சரி."

உதவி டைரக்டர் வாங்கிக்கொண்டார். "செக் பண்ணியாச்சா?"

"ஆச்சுன்னாங்க."

"செக் பண்ணியாச்சு" என்று அவர் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். நடிகர் கேமராவைப் பார்த்துக் குறி வைத்தார்...

சேனாதிபதி பலகையோடு சாய்ந்தான். பிறகு எழுந்திருக்கவே இல்லை.

அப்புறம் ஆரம்பித்தது. டைரக்டர், அது உதவி டைரக்டரின் வேலை என்றார். அவர், சாமான் பார்க்கிறவர்களின் வேலை என்றார். அவர்கள், துப்பாக்கியே எங்களுடையது இல்லை என்றார்கள். நடிகர், கையில் கொடுத்ததைத்தான் சுட்டேன் என்றார். அந்தத் துப்பாக்கி மாதிரியே பழியும் கைமாறிக் கைமாறி வந்தது.

இரண்டு மாதம் கழித்து, விசாரணைக்கு முதல் நாள், முத்துராஜ் ஞானவேலை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு அதே புல்வெளிக்குப் போனான். படப்பிடிப்புக்கு நட்ட மூங்கில்களைப் பிடுங்க வேண்டுமாம். வேறு ஆள் யாரையும் கூப்பிடவில்லை. முத்துராஜின் கழுத்தில் பச்சை மப்ளர். ஓரத்தில் சிவப்புக் கோடு. மகாதேவி பின்னியது.

நாலு மூங்கில் பிடுங்கியதும் பேச்சை எடுத்தான்.

"நாளைக்குக் கேட்டா, கம்பி போட்டுப் பாத்தது நாந்தான்னு சொல்லிரு மாப்ளே."

"நான் போடலையே மச்சான்."

"ஒனக்கென்ன, புள்ளையா குட்டியா? நான் உள்ள போனா ஒங்கக்கா நடுத்தெருவுல நிப்பா."

"நீங்க அன்னைக்குப் போட்டீங்களா, இல்லையா?"

முத்துராஜ் அடுத்த மூங்கிலை ஆட்டினான்.

"அக்காவுக்குத் தெரியுமா?"

"அவதான் ஒன்ட்டப் பேசச் சொன்னா."

அதற்குமேல் ஞானவேல் ஒன்றும் கேட்கவில்லை. அக்காவே சொல்லிவிட்டாள். பழியை ஏற்றுக்கொண்டு உள்ளே போய்விடலாம் என்று நினைத்துவிட்டான்.

மணி மூன்றரை இருக்கும். மூடுபனியாக மஞ்சு இறங்கியது. ஜீப் மறைந்தது. பிறகு முத்துராஜ் மறைந்தான். பிறகு ஞானவேலின் கையில் இருந்த மூங்கிலின் மறுமுனை மறைந்தது.

ஆட்டுப் பண்ணைப் பக்கமிருந்து ஆடுகள் கத்திக்கொண்டே இருந்தன. அந்தச் சத்தம் நின்றது. ஒவ்வொன்றாக அடங்கவில்லை. எல்லா ஆடும் ஒரே நேரத்தில் நிறுத்தின.

கருமருந்து எரிந்த வாடை அடித்தது.

அங்கே யாரும் எதையும் எரிக்கவில்லை.

தொப்...

ஞானவேல் அசையாமல் நின்றான்.

தொப்...

இடது பக்கம். கைக்கெட்டும் தூரம். அன்றைக்கு வெள்ளைப் பலகை நின்ற இடம்.

"ஏலே ஞானவேலு..."

சேனாதிபதியின் குரல்.

"வாங்கிக்க."

இரண்டு உள்ளங்கையிலும் பாரம் இறங்கியது. இரும்பின் குளிர். குனிந்து பார்த்தான். கையில் ஒன்றும் இல்லை. ஆனால் விரல்களை மடக்க முடியவில்லை.

தொப்...

"கேட்டுச்சா?"

தலையை ஆட்டினான்.

பாரம் போய்விட்டது.

புல்லில் காலடி. மூங்கில் பக்கமாகப் போனது...

அங்கிருந்து முத்துராஜின் குரல்.

"கம்பி போட்டாச்சுண்ணே..."

தொப்.

"போட்டாச்சுண்ணே..."

தொப்.

"...போடலண்ணே."

சர்ரென்று ஏதோ கிழிந்தது.

ஆடுகள் கத்தின.

மஞ்சு விலகியபோது முத்துராஜ் ஜீப்பில் உட்கார்ந்திருந்தான். இரண்டு கையும் ஸ்டியரிங்கில். மப்ளரின் ஒரு முனை இல்லை. பூண்டியில் இறக்கிவிடும்போது, முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"நாளைக்குச் சொன்னத மறந்துறாத."

மறுநாள் கொடைக்கானலில் விசாரணை. முத்துராஜை முதலில் கேட்டார்கள். அதே மப்ளரைக் கிழிந்த முனை தெரியாமல் உள்ளே செருகியிருந்தான்.

"கம்பி போட்டேன்னு நான் சொல்லவே இல்லைங்க. பாத்துக் குடுக்க வேண்டியது அவன் பொறுப்பு."

சுவரோரமாக மகாதேவி நின்றாள். தம்பி பார்ப்பது தெரிந்தும் திரும்பவில்லை.

ஞானவேலின் முறை வந்தது.

"நான் போடலைங்க. போட்டாச்சுன்னு மச்சான் சொன்னாரு. நம்புனேன்."

"கம்பி போடுறதுன்னா என்ன?" என்று கேட்டார் அதிகாரி.

துப்பாக்கியைக் கொண்டுவரச் சொன்னார். சுட்ட அன்றே எடுத்துத் துணியில் சுற்றி, அரக்கு முத்திரை வைத்துப் பூட்டிய அறையில் வைத்தது. முத்திரை அப்படியே இருந்ததை எல்லோரும் பார்த்தார்கள். ஒரு போலீஸ்காரர் அதை உடைத்துத் துப்பாக்கியை நிமிர்த்திப் பிடித்தார்.

"சுட்ட துப்பாக்கிங்க இது. உள்ள காலி. இப்ப கம்பியப் போட்டா ணங்குன்னு கேக்கும்."

போட்டார்.

தொப்.

மறுபடி போட்டார்.

தொப்.

திருகுமுனைக் கம்பியை உள்ளே விட்டு, அடைத்திருந்த துணியை மெதுவாக வெளியே இழுத்தார். அதன் பின்னாலேயே ஒரு ஈயக் குண்டு மேசையில் விழுந்து உருண்டது.

"சீல் வைக்கும்போது இதைப் பார்த்தது யார்?" என்றார் அதிகாரி.

முத்துராஜின் கை தானாகக் கழுத்துக்குப் போனது.

மேசையில் கிடந்தது பச்சைத் துணி. ஓரத்தில் சிவப்புக் கோடு.

அது இன்னும் மஞ்சின் ஈரத்தோடு இருந்தது.